டொமைன் வயதா, உள்ளடக்கமா, வாசலிலேயே சோதனையா?

‘திருநள்ளாறு அபிஷேகம் ஆன்லைன் புக்கிங்’ என்று தேடுகிறவருக்கு எந்தத் தளத்தை மேலே காட்டுவது, எதைக் கீழே தள்ளுவது? தேடுபொறிக்கு மூன்று வழி உண்டு. டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், எப்போது, எத்தனை வருஷத்துக்கு, யார் பேரில் பதிவானது என்று பார்க்கலாம். பக்கத்தில் என்ன இருக்கிறது, அதற்கு வேறு எந்தத் தளங்கள் இணைப்பு (லிங்க்) கொடுத்திருக்கின்றன என்று பார்க்கலாம். இல்லையென்றால், ஆளைச் சரிபார்த்த பிறகே தரப்படும் முகவரிகளை மட்டும் நம்பலாம்.

முதல் வழி புதுசு இல்லை. கூகுள் 2003 கடைசியில் விண்ணப்பித்து, 2005 மார்ச்சில் வெளியான ஒரு காப்புரிமை ஆவணத்திலேயே இருக்கிறது. உருப்படியான டொமைன்களுக்குப் பல வருஷப் பணத்தை முன்கூட்டியே கட்டிவிடுவார்கள், ஏமாற்றுத் தளங்கள் ஒரு வருஷத்தைத் தாண்டுவது அபூர்வம், அதனால் காலாவதித் தேதியே ஒரு துப்பு என்பது வாதம். அதே 2005 ஜனவரியில் கூகுள் டொமைன் பதிவாளராகவும், அதாவது டொமைன்களைப் பதிவு செய்து தருகிற நிறுவனமாகவும், அங்கீகாரம் வாங்கியது. டொமைன் அமைப்பைப் புரிந்துகொண்டால் தேடலின் தரம் கூடும் என்று காரணம் சொன்னது. ஆனால் காப்புரிமையில் இருப்பதெல்லாம் நடைமுறைக்கு வந்துவிடுவதில்லை. டொமைன் வயது எதற்கும் உதவாது என்று கூகுளின் ஜான் முல்லர் 2019-ல் சொல்லிவிட்டார். ‘பத்து வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினால் ரேங்க் ஏறும்’ என்று இன்னும் யாராவது வந்தால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இந்த வழியின் பலம் வேகம். சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் நடுவில் கெடு. அதற்கு நாலு நாள் முன்பு பதிவான ஒரு டொமைன் ‘காப்பீடு பதிவு, ஆதார் எண் கொடுங்கள்’ என்று நின்றால், பக்கத்தைப் படிக்காமலேயே சந்தேகப்படலாம். உள்ளடக்கத்தை அலசி, புகார் வந்து, நீக்குவதற்குள் கெடு முடிந்து திருடனும் போயிருப்பான்.

பலவீனம் திருத்துறைப்பூண்டி பக்கம் மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் விற்கிற ஒருவரை நினைத்துப் பார்த்தால் தெரியும். முதல் வருஷம் சலுகை விலை என்பதால் டொமைனை ஒரு வருஷத்துக்குத்தான் எடுப்பார். புதுப்பிக்கும்போது விலை கூடும், அதைத் தை அறுவடைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பார். பதிவோ பெரும்பாலும் தளம் போட்டுக் கொடுத்த தம்பியின் பேரில், அவருடைய மெயிலில் இருக்கும். புது டொமைன், ஒரு வருஷக் காலம், சம்பந்தமில்லாத பெயர் என்று சந்தேகக் குறி மூன்றும் இவர் மேலேயே விழுகிறது. குத்தகைச் சீட்டு ஒரு வருஷத்துக்கு எழுதியிருக்கிறது என்பதற்காக உழுகிறவனை நம்பாமல் இருப்பது போலத்தான் இது.

பெயர் விவரமும் இப்போது பெரிசாக உதவாது. 2018 மே மாதம் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், பொதுவில் தெரிந்துகொண்டிருந்த உரிமையாளர் பெயர், முகவரி எல்லாம் பெரும்பாலும் மறைக்கப்பட்டுவிட்டன. மிச்சமிருப்பது பெரும்பாலும் தேதிகளும் பதிவாளர் பெயரும்தான்.

தேதியை ஏமாற்றுவது சுலபம். சனிப்பெயர்ச்சி என்றைக்கு என்பது பஞ்சாங்கத்தில் வருஷக்கணக்கில் முன்பே இருக்கிறது. இன்றைக்கே ஒரு டொமைனை வாங்கி ஊறப்போட்டால், பக்தர்கள் திருநள்ளாறுக்குக் கிளம்புகிற சமயத்தில் அது ‘பழைய’ டொமைன். இன்னும் மோசமானது, அடுத்தவர் வயதை வாங்குவது. நம் அரிசிக்காரர் புதுப்பிக்க மறந்தார் என்று வையுங்கள். டாட் காமில் பதிவாளர் தரும் அவகாசம், அதன்பின் மீட்க 30 நாள், நீக்குவதற்கு 5 நாள், அப்புறம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பெயரில் ரம்மி விளம்பரம் வந்து உட்கார்ந்தால், அவருக்கு ஊர்க்காரர்கள் கொடுத்திருந்த பழைய இணைப்புகளும் அதோடு போய்விடும். கூகுள் 2024 மார்ச்சில் காலாவதியான டொமைன்களைத் துஷ்பிரயோகம் செய்வதை ஸ்பேம் கொள்கையிலேயே சேர்த்தது இதனால்தான். சந்தேகத்துக்கு இடமானது புதுசு மட்டும் இல்லை என்று ஒத்துக்கொண்ட மாதிரி.

உள்ளடக்கமும் இணைப்பும் இதைவிட நியாயமானவை. ஆனால் டெல்டாவில் அதுவும் நொண்டும். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள நவக்கிரகத் தலங்களைப் பற்றித் தேடினால் ஒரே தலபுராணப் பத்திதான் தளத்துக்குத் தளம் வருகிறது. யார் முதலில் எழுதியது என்று மனிதருக்கே தெரியாது. நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறைக்காரரின் வியாபாரம் வாட்ஸாப்பில் ஓடுகிறது, அவருக்கு யார் இணைப்புக் கொடுப்பார்கள்? அவர் செய்த விளக்கை வாங்கி விற்கிற பெரிய தளம் முதல் பக்கத்தில் நிற்கும்.

மூன்றாவது வழிக்கு நல்ல உதாரணம் வங்கிகள். ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடிகிற முகவரியை அறிவித்து, அதே வருஷம் அக்டோபர் 31-க்குள் வங்கிகள் மாற வேண்டும் என்றது. அதைப் பதிவு செய்து தருவது ரிசர்வ் வங்கி அமைத்த ஐடிஆர்பிடி என்ற ஒரே நிறுவனம். ‘டாட் கவ் டாட் இன்’ அரசுக்கு மட்டும். இதுவும் பதிவுத் தரவுதான், ஆனால் சோதனை முன்னாலேயே முடிந்துவிடுகிறது. பணமும் ஆதாரும் கேட்கிற இடங்களில் என் ஓட்டு கண்ணை மூடிக்கொண்டு இதற்கே. காப்பீட்டுத் தளம் என்றால் முகவரி எதில் முடிகிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. குறை என்னவென்றால், அரிசிக்கும் விளக்குக்கும் இப்படி ஒரு வாசல் கிடையாது. வைத்தால் சான்றிதழுக்கு அலையவே ஒரு போகம் போய்விடும்.

அங்கே உள்ளடக்கத்தைத்தான் முதலில் வைப்பேன். பதிவுத் தேதியை ‘இதை இன்னொரு தடவை பார்’ என்று சொல்கிற மணியாக மட்டும் விடலாம், அதுவும் பணம் கேட்கிற புதுத் தளங்களுக்கு. விற்கிறவர்கள் டொமைனைத் தம்பி பேரிலிருந்து தங்கள் பேருக்கும் தங்கள் மெயிலுக்கும் மாற்றிவிடுவது நல்லது. மூன்று வருஷத்துக்குச் சேர்த்துக் கட்ட முடிந்தால் கட்டுங்கள். ரேங்குக்காக இல்லை, அறுவடை நெருக்கடியில் புதுப்பிக்கிற தேதி தவறிப்போகாமல் இருக்க.