எல்டன் ரிங்: ஊட்டி டாக்ஸிக்காரன் பார்வையில்

சீசன் முடிந்து ஜூன் மழை பிடித்துக்கொண்டால், ஊட்டியில் வண்டி ஓட்டுகிறவனுக்கு நேரத்துக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. 2024 மே மாதம் இ-பாஸ் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஸ்டாண்டில் இருக்கும் பசங்க சிலர் "அண்ணா, நல்ல கேமா ஒண்ணு சொல்லுங்க" என்பார்கள். நான் சொல்வது எல்டன் ரிங், வாளும் ஷீல்டுமாகச் சண்டை போடும் கேம். கூடவே இதையும் சொல்லிவிடுவேன்: பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் ஜெயித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் காசைக் கரியாக்க வேண்டாம்.

ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட கேம் இது. இயக்கியவர் ஹிடெட்டாகா மியாசாகி. என்னிடம் இருப்பது சாதா பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4), கோயம்புத்தூரில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் டிஸ்க். நொடிக்கு 30 ஃபிரேம்தான் வரும், கூட்டமான இடங்களில் அதுவும் கொஞ்சம் திணறும். ஆனாலும் ஆட முடியாத அளவுக்கு இல்லை. நெட் இல்லாமலும் முழுக் கதையையும் ஆடி முடிக்கலாம். காற்றடித்தால் சிக்னல் போய்விடும் ஊரில் இது பெரிய விஷயம். நெட்டில் ஆடும் மற்றவர்கள் கேமுக்குள் தரையில் எழுதிவைக்கும் குறிப்புகள் தெரியாது, அவ்வளவுதான். அதில் பாதி நம்மைப் பள்ளத்தில் குதிக்கவைக்கத்தான் எழுதியிருப்பார்கள்.

சரி, சண்டைக்கு வருவோம். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வட்ட பட்டன். அதை அழுத்தும்போது நம் ஆள் உருள மாட்டான், விரலை எடுக்கும்போதுதான் உருளுவான். அதே பட்டனை அழுத்திப் பிடித்தால் ஓட்டம் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். டிசம்பர், ஜனவரி உறைபனியில் கட்டைவிரல் மரத்துப்போய்க் கிடக்கும்போது இந்த ஒரு நொடிப் பிசகு உயிரை எடுக்கும். நுனி வெட்டிய கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டுதான் நான் ஆடுகிறேன். இன்னொன்று, நாம் தட்டியதை கேம் ஞாபகம் வைத்துக்கொள்ளும். பயத்தில் இரண்டு தட்டு தட்டினால் இரண்டு முறையும் உருளுவான். இரண்டாவது முறை எழுந்திருக்கும் இடத்துக்குச் சரியாக அடி வந்து விழும்.

இதைப் பாடமாகவே நடத்துகிறவன் மார்கிட். ஸ்டார்ம்வெயில் கோட்டை வாசலில் நிற்கும் பெரிய பாஸ், அதாவது முக்கிய எதிரி. கம்பைத் தலைக்கு மேல் தூக்குவான். தூக்கியவன் உடனே இறக்க மாட்டான், அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பான். தூக்கியதைப் பார்த்ததும் உருள்கிறவன் எழுந்து நிற்கும்போதுதான் கம்பு கீழே வரும். ஒன்பதாவது படிக்கும் அக்கா பையன் பக்கத்தில் உட்கார்ந்து வர்க்கியைக் கடித்துக்கொண்டே, "மாமா, கம்பப் பாக்காதீங்க, தோளப் பாருங்க" என்பான். பொடியன் சொல்வது சரிதான். தோள் இறங்கத் தொடங்கும் நேரத்தில் ஒரே ஒரு முறை, அதுவும் பின்னால் இல்லாமல் அவன் பக்கமாகவே உருண்டால் கம்பு நம்மைத் தாண்டிப் போய்விடும். பின்னால் உருண்டால் கம்பின் நீளம் எட்டிப் பிடிக்கும்.

ஊட்டியிலிருந்து மசினகுடி போகும் கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவு. அங்கே பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் இறங்குகிறவனுக்குப் பாதியிலேயே பிரேக் சூடாகி, மிதித்தாலும் பிடிக்காது. இரண்டாவது கியரில் விட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் மிதிக்க வேண்டும். இந்த கேமில் பச்சைக் கோடாகத் தெரியும் ஸ்டாமினாவும் அந்த பிரேக் மாதிரிதான். உருள, அடிக்க, ஷீல்டில் அடி வாங்க, எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் செலவாகும். ஷீல்டைத் தூக்கியபடியே நின்றால் அது மெதுவாகத்தான் ஏறும். அதனால் அடி வராத நேரத்தில் கையை இறக்கிவிட வேண்டும். இரண்டு அடி அடிக்க இடம் இருந்தால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் வீரர் வகைகளில் வேகபாண்ட் வகுப்பை எடுங்கள் என்பேன். அவனுக்கு முதலிலேயே கிடைக்கும் ஷீல்டு சாதாரண அடியை முழுசாகத் தடுக்கும். ஷீல்டில் அடி விழுந்த கையோடு ஆர்2 பட்டனைத் தட்டினால் ஒரு எதிரடி விழும். கார்டு கவுன்டர் என்று பெயர். "டங்" என்று கனமான சத்தத்தோடு அது விழும்போது வரும் திருப்தி இருக்கிறதே, அதற்காகவே இந்த கேமை வாங்கலாம். இப்படி நாலைந்து விழுந்தால் பெரிய பெரிய ஆட்களே நிலைகுலைந்து மண்டி போடுவார்கள். அப்போது முன்னால் போய் ஆர்1 பட்டனைத் தட்டி அடிக்க வேண்டும்.

லெவல் ஏற்றும்போது எல்லாரும் பலத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். என்னைக் கேட்டால் விகரை, அதாவது உயிரை, 40 வரை ஏற்றிவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும். அடி பலத்துக்கு ஆயுதத்தைத் தீட்டினாலே போதும். எல்லே தேவாலயத்தில் இருக்கும் பட்டறையில் மூன்று படி வரை ஏற்றலாம், அதற்கு மேல் ரவுண்ட்டேபிள் ஹோல்டில் இருக்கும் கொல்லனிடம்தான் போக வேண்டும். நம் ஆள் தாங்கும் சுமையையும் பார்த்துக்கொள்ளுங்கள். 70 சதவீதத்தைத் தாண்டினால் நம் ஆள் பொத்தென்று விழுந்து புரளுவான், தப்பிக்கவே முடியாது. இரும்புச் சட்டை அழகாக இருக்கிறது என்று போட்டுக்கொண்டால் இதுதான் கதி.

அதே தேவாலயத்துக்குக் குதிரை கிடைத்த பிறகு இராத்திரியில் போனால், ஒரு சூனியக்காரி ஆவிகளைக் கூப்பிடும் மணியைக் கொடுப்பாள், கூடவே மூன்று ஓநாய்களையும். அதைப் பயன்படுத்தினால் கவுரவக் குறைச்சல் என்று சிலர் சொல்வார்கள். கேமிலேயே வைத்திருப்பதைப் பயன்படுத்துவதில் என்ன குறைச்சல்? மார்கிட் ஓநாயை விரட்டும்போது நமக்கு முதுகு கிடைக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. டிராகன் மாதிரி பெரிய உருவத்தை லாக் செய்தால், அதாவது பார்வையை அதன்மேலேயே பூட்டினால், கேமரா அதன் வயிற்றைத்தான் காட்டும், தலை எந்தப் பக்கம் என்றே தெரியாது. எழுத்து ரொம்பச் சின்னது, 32 இன்ச் டிவியில் கண்ணைச் சுருக்கித்தான் படிக்க வேண்டும். குகைகளில் பார்த்த பாஸே திரும்பத் திரும்ப வருவான். உயிரை ஏற்றும் சீசாவை எடுத்துக் குடிக்கப் போனால் அதே நேரத்தில் மார்கிட் குறுவாளை வீசுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. மலேனியா என்ற பாஸ் இன்னும் மோசம், நம்மேல் அடி படும்போதெல்லாம் அவளுக்கு உயிர் ஏறும், ஷீல்டில் பட்டாலும்கூட. ஷீல்டை நம்பியே வந்தவனை அங்கே நிறுத்தி அவமானப்படுத்துகிறார்கள். நல்லவேளை, கதையை முடிக்க அவளிடம் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அப்புறம், சண்டை நடுவே நிறுத்திவைக்க நேரடியாக ஒரு பட்டன் கிடையாது. "என்னங்க, சிலிண்டர் வந்திருக்கு" என்று குரல் வந்தால் செத்தோம்.

2024 ஜூனில் வந்த கூடுதல் பாகம் ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீக்குத் தனிக் காசு. ராடான், மோக் என்ற இரண்டு பாஸையும் வீழ்த்தாமல் அதற்குள் நுழையவே முடியாது, அதனால் முதலிலேயே சேர்த்து வாங்க அவசரப்பட வேண்டாம். பிஎஸ்5 வாங்கும் எண்ணம் இருந்தாலும் இப்போதைக்கு பிஎஸ்4 டிஸ்க்கையே வாங்குங்கள், அது பிஎஸ்5க்கு இலவசமாக அப்கிரேடு ஆகும். டிஸ்க் போடும் வசதி உள்ள மாடலாக மட்டும் பார்த்து எடுக்க வேண்டும்.