சேலத்தில் பழைய மரத்துக்கு ஒரு கடை

இடிக்கப்பட்ட வீடுகளின் உத்திரங்களையும் கதவு நிலைகளையும் வாங்கி விற்கும், செவ்வாய்ப்பேட்டைப் பக்கமுள்ள இந்தப் பழைய மரக்கடையில், பொழுதுபோக்காகத் தச்சு வேலை செய்பவர்களுக்கு வேண்டிய சிறு துண்டுகளும் கிடைக்கின்றன. முழு உத்திரமாகத்தான் எடுக்க வேண்டும் என்று அடம்பிடிக்காமல், கேட்ட நீளத்துக்கு அறுத்துத் தருகிறார்கள்.

நான் வாங்கியது ஒரு பழைய தேக்கு நிலையின் கால். பல அடுக்காகப் படிந்திருந்த பெயின்ட்டைச் சுரண்டி இழைத்தபோது (பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் முகக்கவசம் அவசியம்), வைரப்பகுதி பொன்னிறமாக, எண்ணெய்ப் பசையோடு வெளிவந்தது. நன்கு உலர்ந்த மரம் என்பதால், அதில் செய்த கருவிப்பெட்டியின் மூடி மழைக்காலத்திலும் இறுகவில்லை. தேக்கிலுள்ள சிலிக்கா உளியை விரைவில் மழுங்கச் செய்யும். சாணைக்கல் அருகிலேயே இருக்கட்டும்.

ஆணிகளை எல்லாம் பிடுங்கிவிட்டதாகக் கடைக்காரர் உறுதியளித்தும், தலை முறிந்த ஆணி ஒன்று உள்ளே இருந்தது. காந்தத்தால் தடவிப் பார்த்ததால் இழைப்புளி தப்பியது.

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்படும், ஆஸ்திரேலியாவைப் பூர்விகமாகக் கொண்ட சில்வர் ஓக் மரத்தின் பலகைகளும் இங்கு உண்டு. அவற்றின் ரேகைகள் கண்ணைக் கவர்ந்தாலும், அடுக்கியிருந்தவை ஈரமாகவும் முனை வெடித்தும் கிடந்தன. 1 அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு காற்றில் உலர்த்த வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் தேக்கோடு திரும்பிவிடலாம். விலை கன அடிக் கணக்கில், பேரத்துக்கு இடமுண்டு.