சிக்கன் விங்ஸ்: வெறுமனே பொரிப்பதா, மாவு பூசுவதா, மசாலாவில் ஊறவைப்பதா?

வீட்டில் விங்ஸ் பொரிக்க மூன்று பாணிகள் போட்டி போடுகின்றன. மாவே இல்லாத அமெரிக்க பஃபலோ, ஸ்டார்ச் பூசி இரண்டு தடவை பொரிக்கும் கொரியன், அப்புறம் நம்ம சிக்கன் 65 மசாலா. இதில் எது உங்களுக்கு என்பது கறிக்கடையிலேயே பாதி முடிவாகிவிடும். நம்மூர்க் கடைகளில் பெரும்பாலும் கேட்காமலேயே தோலை உரித்துவிடுகிறார்கள். "தோலோடு வேணும்ணே" என்று முதலிலேயே சொல்லி வையுங்கள்.

தோலோடு கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், பஃபலோ பாணிதான். 1964இல் நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரின் ஆங்கர் பாரில் தெரெசா பெல்லிசிமோ தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் முறை இது. தோலுக்கு அடியிலிருக்கும் கொழுப்பு உருகி வெளியேற, தோலே மொறுமொறுப்பான மேலோடாகிவிடுகிறது. அதற்கு மேல் மாவு எதற்கு? 175 முதல் 180 டிகிரி சூட்டில் 10, 12 நிமிடம். பிறகு உருக்கிய வெண்ணெயும் புளிப்பான மிளகாய் சாஸும் கலந்து பிரட்டினால் முடிந்தது. ஒரே நிபந்தனை, ஈரம் இருக்கக்கூடாது. உப்புத் தடவி, மூடாமல், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு ராத்திரி வைத்தால் தோல் நன்றாக உலரும். ஈரத்தோடு போட்டால் எண்ணெய் தெறித்துக் கையைப் பதம் பார்த்துவிடும். மாவோ மசாலாவோ உதிராததால் எண்ணெயும் ஓரளவு தெளிவாகவே இருக்கும்.

தோல் போய்விட்டதா? அப்போது கொரியன் பாணிக்கு வாருங்கள். உருளைக்கிழங்கு ஸ்டார்ச் நல்லது. கிடைக்காவிட்டால் கார்ன்ஃப்ளார் போதும். மைதா மட்டும் போட்டால் சீக்கிரம் நமுத்துவிடும். முதலில் 160 டிகிரியில் 7, 8 நிமிடம் பொரித்து எடுத்து, பத்து நிமிடம் ஆறவிட வேண்டும். அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் ஈரம் மேலோட்டுக்கு வந்துவிடும். மறுபடி 190 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம் போட்டால் அந்த ஈரமும் ஆவியாகி, சாஸில் பிரட்டிய பிறகும் மொறுமொறுப்பு நிற்கும். விருந்தாளி வருகிற நாளுக்கு இதை அடிக்க ஆளில்லை. முதல் சுற்றை முன்கூட்டியே முடித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, அவர்கள் வந்து உட்கார்ந்ததும் இரண்டாவது சுற்றைப் போடலாம். வேலை கூடுதல்தான், எண்ணெயில் மாவும் கொஞ்சம் உதிரும்.

மூன்றாவது, 65 மசாலா. மணத்தில் இதுதான் முதலிடம், ஆனால் விங்ஸுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எலும்பில்லாத சிறு துண்டு நாலைந்து நிமிடத்தில் வெந்துவிடும். எலும்புள்ள விங்ஸுக்கு அதைப் போல இரு மடங்கு நேரம் வேண்டும். அதற்குள் மிளகாய்த்தூளும் பூண்டு விழுதும் கருகிக் கசக்கும். சூட்டைக் குறைத்தால் எண்ணெய் குடிக்கும். ஒரே ஈட்டில் எண்ணெய் கறுத்து, அடியில் மசாலா படிந்துவிடும். எண்ணெய் விற்கிற விலையில் இது சின்ன விஷயமா? அந்தச் சுவை வேண்டும் என்றால் வெறுமனே பொரித்த விங்ஸின் மேல், தனியாகத் தாளித்த கறிவேப்பிலை, பச்சை மிளகாய், பூண்டைக் கொட்டிப் பிரட்டுங்கள்.

ஏர் ஃப்ரையர் வைத்திருப்பவர்கள் தோலுள்ள விங்ஸை அதில் போடலாம், நன்றாகவே வரும். தோல் உரித்ததைப் போட்டால் வறண்டுவிடும்.

எண்ணெய், ரீஃபைண்ட் கடலை எண்ணெயோ சூரியகாந்தியோ எதுவானாலும் சரி. வாணலியில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், ஒரு ஈட்டுக்கு ஏழெட்டுத் துண்டுக்கு மேல் போடாதீர்கள். கூட்டம் சேர்ந்தால் சூடு சட்டென்று இறங்கிவிடும். எலும்பருகே செக்கச்செவேல் என்று தெரிந்தால் வேகவில்லை என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். மஜ்ஜையின் நிறம் கசிந்தாலும் அப்படித் தெரியும், ஃப்ரோசன் கறியில் இது சகஜம். தெர்மாமீட்டரை எலும்பில் படாமல் குத்திப் பாருங்கள். 74 டிகிரி இருந்தால் சாப்பிடலாம். 85 தொட்டால்தான் சதை எலும்பிலிருந்து எளிதாகக் கழன்று வரும்.