டெக்சாஸ் கூரை வழக்கு: மாநில நீதிமன்றமா, ஃபெடரல் நீதிமன்றமா?

ஆலங்கட்டி மழையில் கூரை சேதம். இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுப்பது போதவில்லை என்று வீட்டுக்காரர் உள்ளூர் மாநில நீதிமன்றத்துக்குப் போகிறார். சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் கம்பெனி அந்த வழக்கை ஃபெடரல் (அமெரிக்க மத்திய அரசின்) நீதிமன்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். அதற்கு இரு தரப்பும் வெவ்வேறு மாநிலத்தவராக இருக்க வேண்டும். தகராறுத் தொகை 75,000 டாலரைத் தாண்ட வேண்டும்.

எங்கே நடந்தாலும் பாலிசிக்குப் பொருந்துவது டெக்சாஸ் சட்டம்தான். மாறுவது வழக்கு நடக்கும் விதம். மாநில மாவட்ட நீதிமன்ற ஜூரியில் 12 பேர்; பொதுவாக 10 பேர் ஒத்துக்கொண்டால் தீர்ப்பு. ஃபெடரலில் குறைந்தது 6 பேர், ஆனால் எல்லாரும் ஒரே முடிவுக்கு வர வேண்டும். அங்கே கூலிக்கு அமர்த்தும் கூரை நிபுணர் விரிவான அறிக்கை எழுதித் தர வேண்டும். கெடு தவறினால் அவர் சாட்சியமே போய்விடலாம். நடுத்தரக் குடும்பத்துக்கு இது பெரிய செலவு. சேதத்துக்குப் படங்களும் மதிப்பீடும் கையில் இல்லாதவருக்கு மாநில நீதிமன்றமே நல்லது என்பேன்.

கிளெய்ம் 40,000 டாலர்தானே, ஃபெடரலுக்குப் போகாது என்று நிம்மதியாக இருக்க முடியாது. தெரிந்தே ஏமாற்றினார்கள் என்று மூன்று மடங்கு இழப்பீடு கேட்டால் அதுவே 1,20,000 ஆகிறது; சட்டப்படி கிடைக்கும் வக்கீல் கட்டணமும் கணக்கில் சேரும். 75,000-க்கு மேல் கேட்கவும் மாட்டேன், வாங்கவும் மாட்டேன் என்ற உறுதிமொழியை மனுவோடு சேர்த்தே கொடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு. வழக்கு ஃபெடரலுக்குப் போன பிறகு தொகையைக் குறைத்தால் பலன் இல்லை. ஆனால் சேதம் உண்மையிலேயே பெரியதென்றால், இதற்காக உரிமையை வெட்டிக்கொள்ள வேண்டாம்.

முன்பெல்லாம் கம்பெனிக்காகச் சேதத்தை மதிப்பிடும் உள்ளூர் அட்ஜஸ்டரையும் பிரதிவாதியாகச் சேர்ப்பார்கள். அவரும் டெக்சாஸ்காரர் என்பதால் வழக்கு மாநிலத்திலேயே தங்கும். 2017-இல் வந்த சட்டப்படி, அவர் பொறுப்பைக் கம்பெனியே ஏற்றுக்கொள்ளலாம். அதோடு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது.

புயல் வெள்ளம் வேறு கதை. தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தின் பாலிசி என்றால் ஃபெடரல் நீதிமன்றம் மட்டும்தான்; எழுத்தில் மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும். ஒரே வீட்டில் காற்றுச் சேதத்துக்கு ஒரு வழக்கு, வெள்ளத்துக்கு இன்னொன்று என்று ஆகலாம். அப்புறம் எது வெள்ளச் சேதம், எது காற்றுச் சேதம் என்ற தகராறில், சுவரில் தண்ணீர் நின்ற கோட்டின் உயரத்தை இரண்டு கம்பெனியும் தங்களுக்குச் சாதகமாகக் காட்டும். அதனால் சுத்தம் செய்வதற்கு முன்பே அந்தக் கோட்டை அளவுகோலோடு படம் எடுத்து வையுங்கள்.