இழைப்புளியையும் உளியையும் படமெடுக்க: கேனன் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்.டி.எம். லென்ஸ்

செல்போனில் எடுத்த இழைப்புளிப் படங்களில் முன்மூக்கு பெருத்தும் பின்கைப்பிடி சூம்பியும் தெரியும். போன் லென்ஸின் கோணம் அகலமானது. கருவி படச் சட்டத்தை நிறைக்க வேண்டுமானால் ஒட்டிப்போய் எடுக்க வேண்டியிருக்கிறது. அதுதான் காரணம். ஏ.பி.எஸ்.-சி கேமராவில் (முழுச்சட்ட கேமராவை விடச் சிறிய சென்சார் கொண்டது) இந்த 50 மி.மீ. லென்ஸைப் போட்டால், 24 செ.மீ. நீள இழைப்புளியை 80 செ.மீ. தள்ளி நின்றே முழுதாக எடுக்கலாம். வடிவம் உள்ளபடி வரும்.

2015-இல் வந்த இந்த லென்ஸின் எடை 160 கிராம்தான். எஃப்/1.8 என்ற எண்ணுக்காகத்தான் (லென்ஸ் துளையின் அளவு அது; எண் சிறுத்தால் துளை பெரிது) பலரும் வாங்குகிறார்கள், ஆனால் கருவிப் படத்துக்கு அது உதவாது. 80 செ.மீ. தூரத்தில் எஃப்/1.8 வைத்தால் தெளிவு ஏறக்குறைய 1.3 செ.மீ. ஆழத்துக்கு மட்டுமே நிற்கும். எஃப்/8-இல் 6 செ.மீ. கிடைக்கும்; பக்கவாட்டில் வைத்த இழைப்புளியின் அகலத்துக்கு அது சரியாக இருக்கும். எஃப்/16-க்கு மேல் போனால் படமே மழுங்கத் தொடங்கும். லென்ஸில் அதிர்வுத் தடுப்பு இல்லாததால் முக்காலி கட்டாயம். ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, இரண்டு வினாடி டைமர் வைத்தால் ஜன்னல் வெளிச்சமே போதும். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு ஒளியும் கலந்தால் தேக்கின் நிறம் ஒரு பக்கம் பச்சையடிக்கும்.

குறை, நெருங்கி எடுப்பதில்தான். 35 செ.மீ.-க்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது. அந்தத் தூரத்தில் சட்டத்தின் அகலம் சுமார் 10 செ.மீ.; 25 மி.மீ. உளியின் வாய் அதில் கால்வாசிதான். தீட்டிய விளிம்பின் பிசிறைக் காட்ட கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே 12 மி.மீ. நீட்டிப்பு வளையம் சேர்த்தால் சட்டம் ஏறத்தாழ பாதியாகக் குறுகும். வாய் மட்டுமே எடுக்கப் போகிறவர்கள் மிக நெருங்கி எடுக்கும் மேக்ரோ லென்ஸுக்குப் போவதே நல்லது.

இந்த லென்ஸின் முன்னால் மாட்டும் 49 மி.மீ. போலரைசர் (துருவ ஒளியைத் தடுக்கும் வடிகட்டி) வாங்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வார்னிஷ் பூசிய கைப்பிடியின் பளபளப்பை அது அழகாக அடக்கும். வெற்று எஃகின் பளபளப்பை அடக்காது, உலோகத்தில் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் துருவமாவதில்லை. எஃகுக்கு வேறு வழி: ஜன்னலுக்கும் கருவிக்கும் நடுவில் வெள்ளை வேட்டியைக் கட்டி ஒளியைப் பரப்புங்கள், எதிர்ப்பக்கம் கறுப்பு சார்ட் அட்டையை நிறுத்துங்கள். உளியின் சரிவு முகம் அந்தக் கறுப்பைப் பிடித்துக்கொண்டு, விளிம்பு வெள்ளைக் கோடாகத் துலங்கும். இழைத்த பலகையில் அலைத்தடம் காட்ட வேண்டுமானால் மாறாக, வெளிச்சம் பலகையை உரசிக்கொண்டு தாழ்வாக வரட்டும்.

பட்டறையில் இந்த லென்ஸுக்கு எதிரி மரத்தூள். ஃபோகஸ் செய்யும்போது முன்குழாய் வெளியே நீளும், இடுக்கில் தூள் ஏறும். உப்புத்தாள் தேய்த்த அன்று, தூள் அடங்கிய பிறகே கேமராவை எடுங்கள். குழாய் நீண்ட நிலையில் பையில் திணிக்காதீர்கள். முன்பக்கம் இடிபட்டால் ஃபோகஸ் பொறி கெடும். கேமராவை அணைத்தபின் கையால் வளையத்தைத் திருப்பினாலும் குழாய் உள்ளே போகாது.