15 கணினிகளுக்கு ஒரே விசைப்பலகை: இரண்டு சிறிய கேவிஎம் சுவிட்சுகளா, பெரியது ஒன்றா?

ஒரே விசைப்பலகை, சுட்டி, திரையை வைத்துப் பல கணினிகளை மாற்றி மாற்றி இயக்க உதவும் பெட்டிதான் கேவிஎம் சுவிட்ச். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் விலை விசாரித்தால், கையிலிருக்கும் 8 போர்ட் (8 கணினிகளை இணைக்கும்) சுவிட்சோடு இன்னொன்றைக் கோப்பதே மலிவாகத் தெரியும். முதலாவதின் ஒரு போர்ட்டை இரண்டாவது எடுத்துக்கொள்வதால் 16 அல்ல, 15 கணினிகள்தான் கிடைக்கும். அது பெரிய இழப்பில்லை.

தொல்லை, கணினி மாற்றத் தட்டும் குறுக்குவிசையில் இருக்கிறது. பல மாடல்களில் ஸ்க்ரோல் லாக்கை இருமுறை தட்டி எண்ணை அழுத்த வேண்டும். இரண்டு சுவிட்சுக்கும் அதே விசை என்றால், முதலாவது அதை விழுங்கிவிடும். இரண்டாவதுக்குச் செய்தியே போய்ச் சேராது. பிறகு ஒவ்வொரு முறையும் எழுந்து போய்ப் பொத்தானை அழுத்த வேண்டியதுதான். அடுக்கி இணைப்பதற்கென்றே வடிவமைத்த, ஒரே நிறுவனத்தின் ஒத்துப்போகும் மாடல்கள் என்றால் இந்தச் சிக்கல் இல்லை. ஆகவே வாங்குமுன் கையேட்டில் எந்த மாடலோடு எது இணையும் என்ற பட்டியலைப் பாருங்கள். விஜிஏ (பழைய வகைத் திரை இணைப்பு) இணைப்பானால் ஒவ்வொரு கட்டத்திலும் படம் மங்கவும் கூடும்.

16 போர்ட் சுவிட்சில் எல்லாக் கணினிகளும் ஒரே வரிசையில் வரும். விலை அதிகம்தான், ஆனால் எல்லாம் ஒரே அறையில் இருந்தால் தயங்காமல் இதையே வாங்கச் சொல்வேன்.

உங்கள் அலுவலகத்தில் கணினிகள் இரண்டு அறைகளில் பிரிந்திருக்கின்றனவா? அப்போது மட்டும் இரண்டு சுவிட்சுகளைக் கோக்கும் அடுக்கு முறை நல்லது: சுவரைத் தாண்டி ஓர் இணைப்பு போதும்.