கழுத்துத் தண்டுவடக் காயத்துக்குப் பின் நரம்பு மாற்று அறுவை: வலக்கைக்குச் செய்துகொண்டதன் மதிப்புரை

பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுந்து கழுத்து முறிந்தவர்கள் விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஊர்களுக்குப் புதியவர்கள் அல்லர். எங்கள் அத்தானும் அக்கானி (பதநீர்) இறக்க ஏறிய இடத்தில் விழுந்தவர்தான். கழுத்தெலும்பை நிலைநிறுத்திய பின் தோளை அசைக்கவும், முழங்கையை மடக்கவும், மணிக்கட்டை நிமிர்த்தவும் அவரால் முடிந்தது. முழங்கையை நீட்டவோ, விரல்களை விரிக்கவோ, ஒரு டம்ளரைப் பற்றவோ முடியவில்லை. வெளிமாவட்டத் தனியார் மருத்துவமனை ஒன்றின் கை அறுவைப் பிரிவில் அவர் வலக்கைக்குச் செய்துகொண்ட நரம்பு மாற்று அறுவையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

அந்தப் பிரிவில் எனக்கு மிகவும் பிடித்தது, அறுவைக்கு முன் மருத்துவர் பொறுமையாகச் சொன்ன விளக்கம். தண்டுவடத்தை இது சரிசெய்யாது என்பதிலிருந்தே அவர் தொடங்கினார். காயத்துக்கு மேலே இருந்து வரும், இன்னும் மூளையின் சொல்லைக் கேட்கும் நரம்புக் கிளை ஒன்றை வெட்டி, செயலிழந்த தசைக்குப் போகும் நரம்போடு தைப்பதுதான் முறை. முழங்கையை மடக்க பைசெப்ஸ் தசை இருப்பதால், அதே வேலையைச் செய்யும் பிரேக்கியாலிஸ் தசையின் நரம்பைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மடக்கும் நரம்புக்குத் தரலாம்; உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் சுபினேட்டர் தசையின் கிளைகளை விரல் விரிக்கும் நரம்புக்கும், தோள்பட்டையின் சிறு தசை ஒன்றின் கிளையை முழங்கை நீட்டும் டிரைசெப்ஸுக்கும் தரலாம். அத்தானுக்கு மூன்றையும் செய்தார்கள். தொடு உணர்வு இதனால் திரும்பாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. மெல்போர்னில் 16 பேருக்கு 59 நரம்பு மாற்றங்கள் செய்து 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வைச் சொன்னபோதும், அவற்றில் நான்கு பலிக்கவில்லை என்பதைச் சேர்த்தே சொன்னார். விளம்பரப் பலகைகளில் அற்புதம் விற்கும் காலத்தில் இது அரிது.

முதல் குறையைச் சொல்ல வேண்டியது இவர்களை அல்ல, கழுத்துக்கு முதலில் அறுவை செய்த இடத்தை. அங்கிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது படுக்கைப் புண்ணைப் பற்றியும் சிறுநீர்க் குழாயைப் பற்றியும் எழுதித் தந்தார்களே தவிர, கைக்கு இப்படியொரு வழி உண்டென்றோ, அதற்குக் காலக்கெடு உண்டென்றோ ஒருவரும் சொல்லவில்லை. காயம் பட்ட மட்டத்திலேயே நரம்பணுக்கள் அழிந்திருந்தால், அவற்றை நம்பியிருந்த தசைகள் மாதங்கள் செல்லச் செல்ல வீணாகிவிடும். ஓராண்டுக்கு மேல் ஆனால் புது நரம்பு வந்து சேர்ந்தாலும் பெரும்பாலும் பயனிராது. காயத்துக்குக் கீழேயுள்ள மட்டங்களைச் சேர்ந்த தசைகளுக்கு அவற்றின் சொந்த நரம்பணுக்கள் உயிரோடிருப்பதால் சற்றுக் கூடுதல் அவகாசம் உண்டு. எந்தத் தசை எந்த வகை என்பதை தசையின் மின் செயல்பாட்டை ஊசி வைத்துப் பார்க்கும் இ.எம்.ஜி. பரிசோதனை காட்டிவிடும். எனவே விபத்து நடந்த சில மாதங்களுக்குள்ளாகவே கை அறுவை மருத்துவர் ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது.

வெட்டி இணைத்த நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால், அறுவைக்குப் பின் வரும் நீண்ட மாதங்களில் கண்ணுக்குத் தெரிவது ஒன்றும் இராது. இந்தக் காலத்துப் பிசியோதெரபிதான் சேவையின் பாதி. அதில்தான் இவர்கள் பின்தங்கினார்கள். மார்த்தாண்டத்தில் எங்களுக்குக் கிடைத்த பிசியோதெரபிஸ்ட் அக்கறையானவர், ஆனால் இந்த அறுவையை முன்பு கண்டவரல்லர். அவருக்கென ஒரு பக்கக் குறிப்புகூட மருத்துவமனை தந்தனுப்பவில்லை. கேட்ட பிறகே காணொளி அழைப்பில் கற்றுக்கொடுத்தார்கள்: விரலை மடக்க வேண்டுமானால் முழங்கையை மடக்குவதாக நினைக்க வேண்டும், விரிக்க வேண்டுமானால் உள்ளங்கையைத் திருப்புவதாக நினைக்க வேண்டும். மூளை புதிய பாதையைப் பழகியபின் அந்தத் துணை நினைப்பு தேவைப்படாது. அக்காதான் நாள்தோறும் அருகிலிருந்து செய்ய வைத்தாள்.

கட்டணத்தை முன்பே எழுதிக் கொடுத்தார்கள், பின்னர் அதில் மாற்றமில்லை. ஆனால் கைத்தாங்கிகளும், தங்கும் செலவும், மறுபரிசோதனைப் பயணங்களும் அதில் அடங்கா. சக்கர நாற்காலியோடு ரயிலேறுவது தனிப் பாடு.

இன்று அத்தான் வலக்கையால் கரண்டியையும் செல்பேசியையும் பிடிக்கிறார், விரல்களைத் தானாக விரிக்கிறார். முழங்கை நீட்டுவது இன்னும் வலுக் குறைவுதான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற ஆள் துணை வேண்டும். இடக்கைக்குத் தசைநாண் மாற்று அறுவையை, அதாவது இயங்கும் தசை ஒன்றின் நாணை எடுத்துச் செயலிழந்த தசையின் நாணோடு இணைப்பதை, பரிந்துரைத்திருக்கிறார்கள். அது விரல்களுக்கு இந்த அளவு இயல்பான விரிவைத் தராவிட்டாலும் பிடிக்கு வலுவைத் தரும், பலனும் விரைவில் தெரியும் என்பதால், ஒரு கைக்கு ஒரு முறை என்ற அந்த யோசனை எங்களுக்குச் சரியென்றே படுகிறது.